நெஞ்சில் கோத்த நீர் எந்த வழியாகப் போகும்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 38. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இரண்டு மாதத்துக்கு முன் சாயங்காலமானால் காய்ச்சல், வலது விலாவில் குத்தல், அப்புறம் மூச்சுத் திணறல். எக்ஸ்ரே எடுத்துவிட்டு நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். முதுகில் ஊசி போட்டு 900 மில்லி எடுத்தார்கள். தேன் நிறத்தில் இருந்தது. ரிப்போர்ட்டில் நீரில் புரதம் 5.2, இரத்தத்தில் 7.4, ஏடிஏ 68 என்று இருக்கிறது. டிபி என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. காய்ச்சல் நின்றுவிட்டது. ஆனால் போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் இன்னும் கொஞ்சம் நீர் தெரிகிறதாம். "மிச்சம் தானாக உறிஞ்சிக்கொள்ளும், விடுங்கள்" என்கிறார் டாக்டர். மூடிக்கிடக்கிற நெஞ்சுக்குள் இருக்கும் நீர் எங்கே போகும்? மொத்தமாக ஊசியிலேயே எடுத்திருக்கலாமே? மாமியார் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார். இளநீர், தயிர், தலைக்குக் குளிப்பது எல்லாம் நிறுத்தியாயிற்று. சிறுநீர் சிவந்து போகிறது, அதுதான் நெஞ்சுத் தண்ணீர் என்கிறார். மெடிக்கல் ஷாப்பில் 'நீர் போகும் மாத்திரை' தருகிறேன் என்கிறார்கள். பழைய இடத்தில் மறுபடி லேசாக வலி வேறு வருகிறது. நீர் முழுக்க வற்றிவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? குழந்தைகள் இருப்பதால் அவருடைய தட்டு, டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறோம். — வாசகி, திருப்பூர்

பதில்: அம்மா, முதலில் அந்தச் சிறுநீர் விஷயத்தை முடித்துவிடலாம். அது நெஞ்சிலிருந்து வந்த நீர் இல்லை. அவர் சாப்பிடும் டிபி மாத்திரையில் ரிஃபாம்பிசின் என்று ஒரு மருந்து இருக்கிறது. செங்கல் பொடி நிறம். உடம்பைவிட்டு வெளியேறும்போது சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாவற்றிலும் அந்தச் சாயம் ஏறும். வெள்ளை பனியனில் கறைகூடப் பிடிக்கும். துணியோடு புழங்குகிறவர், அவர் கண்ணில் அது முதலிலேயே பட்டிருக்கும். மருந்து உள்ளே போகிறது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். ஆனால் உங்கள் மாமியார் சொன்னது முழுத் தப்பும் இல்லை. நெஞ்சில் கோத்த நீரில் பெரும்பகுதி கடைசியில் சிறுநீரகத்துக்குத்தான் வந்து சேர்கிறது. நேராக வருவதில்லை, பெரிய சுற்றுச் சுற்றி வருகிறது. நீங்கள் கேட்டிருப்பது அந்தச் சுற்றைத்தான்.

உங்கள் டாக்டர் சொன்னது சரி. ஏன் சரி என்று விளக்கமாகச் சொல்கிறேன். அவருக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்திருப்பார்கள், எனக்கு இங்கே இடம் இருக்கிறது.

நுரையீரலில் நீர் என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் அவசரத்தில் அப்படித்தான் சொல்வேன். உங்கள் வீட்டுக்காரருக்கு நீர் கோத்தது நுரையீரலுக்குள் இல்லை, அதற்கு வெளியே. நுரையீரலின் மேல் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கிறது, அது உள்சவ்வு. விலா எலும்புகளின் உட்புறத்திலும், வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கிற உதரவிதானத்தின் மேலும் இன்னொரு சவ்வு படர்ந்திருக்கிறது, அது வெளிச் சவ்வு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதில் வழுக்குவதற்கென்று கொஞ்சம் நீர். இரண்டு பக்கமும் சேர்த்தால் மூன்று தேக்கரண்டி வரலாம். ஈர டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்தால், சுற்றினால் சுற்றும், இழுத்தால் வராது இல்லையா? அதே சங்கதிதான். நெஞ்சு விரியும்போது நுரையீரலும் கூடவே விரிவது இந்த ஈரப் பிடிப்பால்.

இந்த மூன்று கரண்டி நீரும் தேங்கிக் கிடக்கிற நீர் இல்லை. வெளிச் சவ்வில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து எந்நேரமும் கசிந்து வருகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15 மில்லி. வருகிற அளவு வெளியேயும் போகிறது. குளத்துக்கு வரத்து வாய்க்கால் ஒரு பக்கம், மதகு ஒரு பக்கம் இருப்பதுபோல.

மதகு எங்கே இருக்கிறது என்பதில்தான் வெகுகாலம் குழப்பம் இருந்தது. வெளிச் சவ்வில் கசிந்து உள்சவ்வின் வழியாக நுரையீரல் இரத்தக் குழாய்களுக்குள் போய்விடுகிறது என்றுதான் பழைய பாடப் புத்தகங்கள் சொல்லின. கணக்குப் போட்டுப் பார்த்தால் அழகாக வரும். ஆனால் ஒரு இடத்தில் இடிக்கும். இரத்தக் குழாயின் சுவர் தண்ணீரை விடும், புரதத்தை அவ்வளவு சுலபமாக விடாது. தண்ணீர் மட்டும் போனால், அடுப்பில் வைத்த பால் மாதிரி மிச்சம் சுண்டிக்கொண்டே வர வேண்டும்.

சுண்டவில்லை என்பதைக் காட்டியவை ஆடுகள். கலிஃபோர்னியாவில் செம்மறி ஆடுகளின் நெஞ்சில் அளந்து நீரை விட்டு, சில மணி நேரம் கழித்து எவ்வளவு மிச்சம், அது எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். 1988-இல் வெளியான ஆய்வு அது. நீர் ஒரே சீரான வேகத்தில் குறைந்தது. புரதத்தின் அடர்த்தி அப்படியே இருந்தது. கலந்துவிட்டிருந்த சிவப்பணுக்கள்கூட நீரோடு சேர்ந்தே வெளியேறியிருந்தன. ஒரு முழு சிவப்பணு நுழைகிற அளவுக்கு வாசல் எங்கோ இருந்தால்தான் இது நடக்கும்.

அந்த வாசல்கள் வெளிச் சவ்வில் மட்டும் இருக்கின்றன. பெரும்பாலும் கீழ்ப்பக்க விலாக்களுக்கு இடையில், உதரவிதானத்தின் மேல், நடுநெஞ்சை ஒட்டி. நீர் தாழ்வான இடத்தைத்தானே தேடிப்போகும், ஓட்டைகளும் அங்கேயே அதிகம். மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் அதில் பெரிய ஓட்டையின் அகலமே. ஒவ்வொன்றும் கீழே உள்ள நிணநீர்க் குழாயில் திறக்கிறது. மூச்சை இழுத்து விடுகிற அசைவில் அந்தக் குழாய்கள் விரிந்து, பிழியப்பட்டு, நீரை உறிஞ்சித் தள்ளுகின்றன. உள்ளே வால்வு இருப்பதால் போனது திரும்பி வராது. நெஞ்சுக்குள் இருக்கும் நிணநீர்க் கட்டிகளைத் தாண்டி மேலே ஏறி, கழுத்துக்கு அடியில், காறை எலும்புக்குப் பின்னால் ஒரு பெரிய சிரையில் கலக்கிறது. அங்கிருந்து இதயம். புரதத்தை உடம்பு வீணாக்காமல் வைத்துக்கொள்கிறது, வேண்டாத தண்ணீரைச் சிறுநீரகம் வெளியே அனுப்புகிறது. மூடிக்கிடக்கிற நெஞ்சு என்று எழுதியிருக்கிறீர்கள். அது மூடியே கிடக்கவில்லை.

இந்த மதகின் கொள்ளளவு எனக்கு எப்போதுமே ஆச்சரியம். ஆடுகளில் கண்ட வேகத்தை 60 கிலோ மனிதருக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு பக்கத்திலேயே நாளைக்கு 400 மில்லி வரை போக முடியும். வழக்கமான வரத்தைப்போல இருபத்தைந்து மடங்குக்கு மேல். அப்படியானால் மிச்ச நீர் ஐந்து வாரமாக ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்பீர்கள் என்றுதான் இந்தக் கணக்கையே சொன்னேன்.

டிபி வந்தால் வரத்து, மதகு இரண்டுமே கெடுகின்றன. நுரையீரலின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் கிருமிப் புண் அந்த இடைவெளிக்குள் உடைகிறது. உள்ளே விழுகிற கிருமி கொஞ்சம்தான். அதைப் பார்த்து உடம்பு போடுகிற கூப்பாடுதான் பெரிது. சவ்வு வீங்கிச் சிவந்து, இரத்தக் குழாய்கள் புரதத்தையும் சேர்த்துக் கசியவிடுகின்றன. வரத்து பல மடங்காகிறது. அதே வீக்கமும், உறைந்த புரத நார்களும் ஓட்டைகளில் செத்தை மாதிரி அடைகின்றன. மதகு சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு லிட்டர் தேங்கும். இவ்வளவு பெரிய மதகு நன்றாக இருந்தால், கொஞ்சம் கூடுதலாகக் கசிவதை அதுவே சமாளித்துவிடும்.

உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட் இதைத்தான் சொல்கிறது. நீரில் புரதம் 5.2, இரத்தத்தில் 7.4. வகுத்தால் 0.7. இது 0.5-ஐத் தாண்டினால் சவ்வே கெட்டுக் கசிந்த நீர் என்று அர்த்தம். 1972-இல் ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த அளவுகோல்களில் ஒன்று, இன்றைக்கும் தினமும் பயன்படுத்துகிறோம். இதயமோ ஈரலோ பழுதாகி நீர் கோத்தால் பெரும்பாலும் சவ்வு நன்றாகவே இருக்கும். நீரும் புரதம் குறைந்து, தெளிவாக, வெளிர் மஞ்சளாக வரும். ஏடிஏ என்பது அந்த நீரில் அளக்கிற ஒரு நொதி. அது 68 என்பது, நம் ஊரில், இந்த வயதில், இப்படியொரு காய்ச்சலோடு வந்தால் டிபி பக்கம் பலமாகக் கை காட்டுகிற எண். 40-ஐத் தாண்டினாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

மெடிக்கல் ஷாப்காரர் தருகிறேன் என்ற மாத்திரைக்கு இதிலேயே பதில் இருக்கிறது. அது சிறுநீரகத்தை முடுக்கி உடம்பின் உப்பையும் தண்ணீரையும் குறைக்கிற மாத்திரை. இதயத்தால் கோத்த நீருக்கு அதுதான் கைகண்ட மருந்து. உங்கள் வீட்டுக்காரருக்கோ கெட்டிருப்பது சவ்வு. அந்த மாத்திரையைப் போட்டால் தலைசுற்றல்தான் மிச்சம், நெஞ்சு நீர் அசையாது. தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் அப்படித்தான். குடிக்கிற தண்ணீர் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது, நெஞ்சுக்கு அதனிடமிருந்து தனி வாய்க்கால் எதுவும் இல்லை. தாகத்துக்குக் குடிக்கட்டும். தயிர், இளநீர், தலைக்குக் குளிப்பது, எல்லாம் தாராளமாக. மாமியாரிடம் சண்டை போடாமல் சொல்லுங்கள், பிள்ளை மேலிருக்கிற கரிசனத்தில்தான் அவர் அப்படிச் செய்கிறார். எடை குறைந்திருப்பார், அதைத் தேற்றுவதுதான் இப்போது வேலை: முட்டை, பருப்பு, கடலை, மீன், எது வீட்டில் ஆகுமோ அது. டிபி நோயாளிகளுக்குச் சாப்பாட்டுக்கென்று மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. 2018-இல் 500 ரூபாயாக ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து இரட்டிப்பு. தனியாரிடம் மருத்துவம் பார்த்தாலும் உண்டு, அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

மொத்தமாக ஊசியிலேயே எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். ஊசி போட்டது இரண்டு காரியத்துக்கு. என்ன நீர் என்று பார்க்க, மூச்சுத் திணறலைக் குறைக்க. இரண்டும் 900 மில்லியிலேயே நடந்துவிட்டன. வற்ற வற்ற எடுத்தால் சீக்கிரம் குணமாகும் என்றும் இல்லை, மருந்து வேலை செய்தால் மிச்சம் எப்படியும் போகும். எடுக்க எடுக்க ஆபத்தும் கூடும். நான் மேற்படிப்பு படித்த காலத்தில் ஒரு பெரியவருக்கு இப்படி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முழுக்க நீர். நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, அதன் முதுகில் தலையணையை வைத்து அதன்மேல் சாய்ந்திருந்தார். நீர் இறங்க இறங்க, "நல்லா இருக்கு சாமி, இன்னும் எடுங்க" என்றார். ஒன்றரை லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது என்பது பாடம். அவருடைய நிம்மதியைப் பார்த்துத் தாண்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இருமல் பிடித்தது. நிற்கவே இல்லை. வாரக்கணக்கில் நசுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதன் உள்ளேயே நீர் சுரந்துவிடும். அப்போதுதான் அது உண்மையிலேயே நுரையீரலில் நீர். ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் வைத்து, காலையில்தான் தேறினார். அதிலிருந்து, யார் கேட்டாலும் பாட்டிலில் இருக்கும் கோட்டைப் பார்த்துத்தான் நிறுத்துவேன்.

இப்போது அந்த வலி. இதற்கு நீங்கள் பயப்படத் தேவையில்லை என்று நினைக்கிறேன். நுரையீரலுக்கும் அதன் மேல் இருக்கிற சவ்வுக்கும் வலி தெரியாது. விலாப் பக்கத்துச் சவ்வுக்குத் தெரியும். ஆரம்பத்தில் அவருக்குக் குத்தியது, வீங்கிய இரண்டு சவ்வுகளும் மூச்சுக்கு மூச்சு உரசியதால். பிறகு நீர் நிறைந்து இரண்டையும் விலக்கியிருக்கும். அப்போது குத்தல் குறைந்து, மூச்சுத் திணறல் ஏறியிருக்க வேண்டும். அவரிடமே கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஆமாம் என்பார். இப்போது நீர் வற்றி இரண்டும் மறுபடி கிட்டே வருகின்றன, லேசாக உரசுகின்றன. காய்ச்சலும் திணறலும் இல்லாமல் வருகிற இழுப்பு வலி இந்த வகை.

ஐந்தாவது வார எக்ஸ்ரேயில் தெரிவது நீர்தானா என்பதிலேயே எனக்குச் சந்தேகம். எக்ஸ்ரே இந்த விஷயத்தில் கொஞ்சம் மந்தம். நிற்க வைத்து எடுக்கிற படத்தில், விலாவும் உதரவிதானமும் சேரும் கீழ் மூலை கூராக இருக்க வேண்டும். அது மழுங்குவதற்கே சுமார் 200 மில்லி நீர் வேண்டும். நீர் போனபிறகு சவ்வு தடித்து நின்றாலும் அதே மூலை அதேபோல மழுங்கித்தான் தெரியும். அல்ட்ராசவுண்ட் வைத்தால் ஒரு நிமிடத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம். நீர் கறுப்பாகத் தெரியும். அதில் நுரையீரலின் ஓரம், ஆற்றில் அலசுகிற புடவைத் தலைப்பு மாதிரி மூச்சுக்கு மூச்சு ஆடும். சில பேருக்கு அந்தக் கறுப்புக்குள் சிலந்தி வலைபோல நார்கள் ஓடும், நீர் அறை அறையாகப் பிரிந்து நிற்கும். அப்படிப்பட்ட நீர் மெதுவாகத்தான் கரையும். சந்தேகமாக இருந்தால் அடுத்த முறை ஒரு ஸ்கேன் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற அதே ஸ்கேன்தான்.

பொதுவாக டிபி நீர் ஆறு வாரத்தில் வற்றும், பன்னிரண்டு வாரம் வரை இழுப்பதும் உண்டு. அதனால் ஐந்து வாரம் தாமதமே இல்லை. முதல் சில வாரங்களில், மருந்து சரியாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே நீர் கொஞ்சம் கூடுவதையும் பார்த்திருக்கிறேன். செத்த கிருமியைப் பார்த்தும் உடம்பு கூப்பாடு போடும். பாதிப் பேருக்குச் சவ்வில் கொஞ்சம் தடிப்பு நிரந்தரமாக நின்றுவிடலாம். பெரும்பாலும் அதனால் தொந்தரவு கிடையாது. யானைக்கு இந்த இடைவெளியே இல்லை தெரியுமா? இரண்டு சவ்வும் நார்த் திசுவால் ஒட்டியே கிடக்கின்றன, அதுபாட்டுக்கு மூச்சு விடுகிறது. புற்றுநோயால் திரும்பத் திரும்ப நீர் கோக்கிறவர்களுக்கு நாங்களே டால்க் பவுடரை உள்ளே செலுத்தி வேண்டுமென்றே ஒட்டவைக்கிறோம். உங்கள் வீட்டுக்காரர் நன்றாக நடக்கட்டும், ஆழமாக மூச்சு இழுத்து விட்டுப் பழகட்டும், நோகிறதே என்று அந்தப் பக்கத்தை அசைக்காமல் வைத்திருக்க வேண்டாம்.

நீங்கள் கடைசியில் கேட்டதுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது. நீர் வற்றிவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா? கூடாது. டிபியால் கோத்த நீர், மருந்தே சாப்பிடாவிட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு மாதத்தில் தானாக வற்றிவிடும். மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் பலருக்கும் அப்படித்தான் வற்றியது, ஆளும் தேறி வேலைக்குப் போனார். அமெரிக்க ராணுவத்தில் அப்படித் தேறிய 141 பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்து 1955-இல் எழுதினார்கள். அவர்களில் நூற்றுக்கு 65 பேருக்குப் பின்னால் நுரையீரலிலோ வேறு உறுப்பிலோ டிபி வெளிப்பட்டது. கிருமி இருக்கும்போதே நீர் வற்றும், கிருமி செத்துக்கொண்டிருக்கும்போதும் நீர் நிற்கும். நீரை வைத்து மருந்தை அளக்கவே முடியாது. மொத்தம் ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. ஒரு நாளும் விடாமல்.

இடையில் சில விஷயங்களுக்கு மட்டும் காத்திருக்காமல் போக வேண்டும். நின்ற காய்ச்சல் திரும்பினால், மூச்சு மறுபடி வாங்கினால். கண் மஞ்சளானால், சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டி வாந்தி எடுத்தால் அது மருந்து ஈரலைத் தொட்டதாக இருக்கலாம், அன்றைக்கே போங்கள். பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியாவிட்டாலோ அதையும் சொல்ல வேண்டும். துணி வெட்டுகிறவருக்கு நிறம் குழம்பினால் வேலையிலேயே தெரிந்துவிடும். எடுக்கிற நீர் சீழாக இருந்தால் அதுவே உறிஞ்சப்படும் என்று யாரும் காத்திருப்பதில்லை, குழாய் வைத்து வடிக்கத்தான் வேண்டும். ரிப்போர்ட்படி உங்கள் வீட்டுக்காரருக்கு அது இல்லை.

தட்டு, டம்ளரைப் பிரிக்க வேண்டாம். டிபி எச்சில் தட்டில் பரவுகிற நோய் இல்லை, இருமும்போது காற்றில் பரவுவது. சவ்வில் மட்டும் இருக்கும் டிபி அவ்வளவாகப் பரவாது, ஆனால் நுரையீரலிலும் இருக்கிறதா என்று சளியைப் பரிசோதித்தார்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அதைக் கேளுங்கள். குழந்தைகளையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள், ஐந்து வயதுக்குள் இருந்தால் கட்டாயம். இரண்டாம் மாத முடிவில் போகும்போது புது எக்ஸ்ரேயை மட்டும் கொண்டுபோகாமல், ஊசி போடுவதற்கு முன் எடுத்தது, போன வாரம் எடுத்தது, மூன்றையும் கொண்டுபோங்கள். பழைய படம் கையில் இல்லாவிட்டால் எங்களுக்கு மழுங்கின மூலை மட்டும்தான் தெரியும், அது எங்கிருந்து எவ்வளவு இறங்கி வந்திருக்கிறது என்று தெரியாது.